விசாரிக்க ஆளில்லாத துறைமுகம்

மெல்பேணின் புறநகரான ரோவிலில் பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்கு இந்திரகுமாரைத் தெரியும். பெண் கொடுக்க நினைப்பவர்களுக்கு அவரை இன்னும் நன்றாகத் தெரியும்.

கார் பார்ப்பது அவருடைய தொழில். விற்கப்போகிற வண்டி வீதியில் ஓடத் தகுந்ததா என்று பரிசோதித்து 'ரோட்வேர்தி' எழுதிக் கொடுக்கும் கராச் ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்தவர். பொனற்றைத் திறக்கமாட்டார். முதலில் வண்டியை உயர்த்தி ரோச் லைற்றோடு துரு தேடி அடியில் போய்விடுவார். "மேலால ஆரும் பெயின்ற் அடிக்கலாம் தம்பி, கறள் அடியிலதான் கிடக்கும்" என்று கீழேயிருந்து அவருடைய குரல் மட்டும் வரும்.

மாப்பிள்ளை பார்ப்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட வேலை. கொரொல்லா ஒன்றைக் காட்ட வந்த மனிதர் ஒருநாள் சாவியை நீட்டியபடியே, "அண்ணை, மகளுக்கு ஒரு இடம் பொருந்தி வந்திருக்கு. உங்களுக்கு நாலு பேரைத் தெரியும். ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுவியளோ?" என்று கேட்டார். இந்திரகுமார் இரண்டு போன் எடுத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மெல்பேணில் எந்தச் சம்பந்தம் வந்தாலும், சாதகம் பார்ப்பதற்கு முன்பே பெயர் அவரிடம் வந்துவிடும். சிட்னியிலிருந்தும் வரும்.

அவருக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. பெடியனின் பெயர், தகப்பனின் பெயர், ஊர், ஊருக்குள் எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி. இதற்குள் எல்லாம் வந்துவிடும். சாதி என்ற சொல்லை அவர் ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. கேட்பவர்களும் எடுப்பதில்லை. "ஆக்கள் எப்பிடி?" என்பார்கள். அவரிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, "நல்ல ஆக்கள்." மற்றது, "கொஞ்சம் யோசிச்சுச் செய்யுங்கோ." இந்த இரண்டாவது வசனத்தால் சிட்னி குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு கலியாண மண்டபம் கைவிடப்பட்டிருக்கிறது. டான்டினோங்கில் அச்சடித்த அழைப்பிதழ்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பயந்த மனிதர். வெளியே போகமுன் குசினிக்குத் திரும்பிப் போய் அடுப்பை நிற்பாட்டியாயிற்றா என்று பார்ப்பார். வீதிக்கு இறங்கியபின் இன்னொருமுறை போவார். ஏதோ ஒன்று கண்ணில் படாமல் தப்பிவிடும், அது பின்னாளில் வந்து கழுத்தைப் பிடிக்கும் என்ற நினைப்பு அவரை விட்டுப் போனதேயில்லை. கோயிலில் அவரைக் கண்டால் ஆட்கள் முந்திக்கொண்டு சிரிப்பார்கள். மரியாதைக்கு என்று அவர் நினைத்தார். வீட்டில் கலியாண வயதில் பிள்ளை இருப்பவர்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள் என்பதை அவருடைய மனைவி மிருணாளினி கவனித்திருந்தாள். சொல்லவில்லை.

அவருடைய ஒரே மகள் வினுஷா. கடல் பற்றிய மேல்படிப்புக்கென்று கனடாவின் கிழக்கு முனையில், அட்லாண்டிக் கரையில் இருக்கும் சென் ஜோன்ஸ் நகரத்துக்குப் போனவள், படிப்பு முடிந்தும் அங்கேயே வேலையில் ஒட்டிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, றெக்சன் என்ற பெடியனைக் கட்டப்போகிறேன் என்றாள். எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் எஞ்சினியர். தாய் இல்லை. தகப்பன் ஜெயசிங்கம், ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்.

இந்திரகுமார் போனைக் கையில் எடுத்தார். ரொறன்ரோவில் மூன்று பேர், லண்டனில் இரண்டு பேர், சிட்னி பென்டில் ஹில்லில் தெரிந்த கடைக்காரர், மன்னாரில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ரொறன்ரோக்காரர் சிரித்தார்.

"சென் ஜோன்ஸோ? அங்க ஆர் இருக்கினம்? கறிவேப்பிலைகூட நாங்கள்தான் பார்சலில அனுப்புறது. விசாரிக்க ஒரு குருவி இல்லை அண்ணை."

அன்றிரவு இந்திரகுமார் நித்திரை கொள்ளவில்லை. தன் மகளுக்கு வந்த வண்டியை மட்டும் உயர்த்திப் பார்க்க வழியில்லை. நாளைக்கு ரோவிலில் ஒவ்வொருவரும் கேட்பார்கள். கேட்கப் பழக்கியவர் அவர்தான்.

"நான் போறன்," என்றார் காலையில்.

"எங்க?"

"அட்லாண்டிக்கைப் பாக்க."

மிருணாளினி தோசையைத் திருப்பிப் போட்டாள். "இஞ்ச சொறென்ரோவில ஃபெரி ஏறினாலே சத்தியெடுக்கிற ஆள். அட்லாண்டிக்காம்."

மகளுக்கு விளங்கிவிட்டது. அடுத்த அழைப்பில் அவள் நேராகவே சொன்னாள்.

"வாங்கோ அப்பா. வந்து பாருங்கோ. ஜெயசிங்கம் அங்கிளோட சண்டை பிடிச்சாலும் பரவாயில்லை. ஆனா அந்த ஒரு கேள்வி கேட்கக் கூடாது."

"எந்தக் கேள்வி?"

"அப்பா, கமோன். ஊர் எவடம், ஆக்கள் ஆர், எந்தப் பகுதி. எந்த ரூபத்திலயும் கேட்கக் கூடாது. டில்ஷா இண்டைக்கும் என்னோட கதைக்கிறேல்ல, தெரியும்தானே?"

டில்ஷா அவளோடு பள்ளிக்கூடம் படித்தவள். அவளுடைய நிச்சயதார்த்தம் இந்திரகுமாரின் இரண்டாவது வசனத்தில் முறிந்தது.

"சரி, கேட்டால்?"

"கேட்டால் கலியாணத்துக்கு வராதீங்கோ. ஐ மீன் இற்."

"கேட்கமாட்டன்," என்று மகளுக்குச் சத்தியம் செய்துவிட்டு, இந்திரகுமார் குளிர்ச்சட்டையோடு விமானம் ஏறினார்.

சென் ஜோன்ஸில் ஆடி மாதம் என்பது கோடை என்று சொன்னார்கள். இறங்கியபோது பனிப்புகார் விமான நிலையத்தை மூடிக் கிடந்தது. வினுஷா தன் சின்ன ஃபிளாற்றில் அவருக்கு அறையை ஒழுங்குபடுத்தியிருந்தாள். அவளுக்குப் பகலில் வேலை. றெக்சன் கப்பலில், வெள்ளிக்கிழமைதான் கரைக்கு வருவான். அதுவரையும் ஊர் காட்டும் பொறுப்பை அவள் ஜெயசிங்கத்திடம் கொடுத்திருந்தாள்.

காலையில் கீழே ஒரு பழைய சுபாறு கார் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. உள்ளேயிருந்த மனிதர் இறங்கவில்லை. கட்டையான, அகன்ற மனிதர். மீசை முழுக்க வெள்ளை. இந்திரகுமாரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏறுங்கோ. பிள்ளை காட்டச் சொன்னது, காட்டுறன். பாக்கிறதும் பாக்காததும் உங்கட விருப்பம்."

இந்திரகுமார் ஏறமுன் குனிந்து சில்லுக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். கை பழக்கம், கண் பழக்கம்.

"கறள்தான்," என்றார் ஜெயசிங்கம். "இஞ்ச றோட்டுக்கு உப்புப் போடுறவங்கள். பாத்து முடிஞ்சால் கதவைச் சாத்துங்கோ, குளிருது."

பின் ஒரு ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார்.

"வேண்டாம். எனக்குச் சீனி வருத்தம்."

"சீனி போடேல்ல."

"இப்பதான் மகள் தந்தவள்."

ஜெயசிங்கம் நீட்டிய கையை மடக்கித் தேத்தண்ணியைத் தானே குடித்தார். ஆனால் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் ஊற்றி நீட்டினார். அடுத்த நாள் இந்திரகுமாருக்கு வயிறு சரியில்லை. அதற்கடுத்த நாள் மருந்து போட்டிருந்தார். தான் ஏன் வாங்கவில்லை என்று தன்னையே அவர் கேட்டிருந்தால், சும்மா ஒரு கவனம் என்றுதான் பதில் வந்திருக்கும். எதற்குக் கவனம் என்று ஜெயசிங்கத்துக்குத் தெரிந்திருந்தது.

முதல்நாள் சிக்னல் ஹில்லுக்கு ஏறினார்கள். மேலே பழைய கல் கோபுரம். கீழே துறைமுகம். சிட்னித் துறைமுகம் கையை அகலவிரித்துக் கிடக்கும். இது இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கீறல். அந்தக் கீறலுக்குள்ளால் செம்மஞ்சள் கப்பல் ஒன்று மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. உள்ளே மலைச்சரிவு முழுக்கச் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய மரவீடுகள். ஒருமுறை ஊர் முழுக்க எரிந்து, பிறகு கட்டியவையாம்.

"முந்தின காலத்தில சண்டை நேரம் இந்த வாயில குறுக்கால சங்கிலி கட்டுவாங்களாம்," என்றார் ஜெயசிங்கம். "வாறவன் ஆரெண்டு தெரிஞ்ச பிறகுதான் உள்ள விடுறது."

"நல்ல பழக்கம்."

"நினைச்சனான், உங்களுக்குப் பிடிக்குமெண்டு."

காற்று இரண்டு பேருடைய காதிலும் அறைந்தது. இந்திரகுமார் தொண்டையைச் செருமினார். கேள்வி கேட்கக் கூடாது என்றுதான் சத்தியம். கதைக்கக் கூடாது என்று இல்லை.

"ஊரில... சின்ன வயசில கடலெல்லாம் பக்கத்திலயோ?"

"இலங்கை தீவு. சுத்திவரக் கடல்தான்."

"பள்ளிக்கூடம்?"

"போனனான்."

"கோயில், திருநாள் எல்லாம் விசேஷமா இருந்திருக்கும்."

"ஓம். வாணம் விடுவினம்."

இந்திரகுமார் பல்லைக் கடித்தார். எந்தக் காரும் இப்படி அவருக்கு அடிப்பக்கத்தைக் காட்டாமல் விட்டதில்லை.

ஜெயசிங்கம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "இப்ப நான் ஒண்டு சொல்றன். நீங்கள் உலகம் முழுக்க என்னை விசாரிச்சும் ஒண்டும் கிடைக்கேல்ல. உங்களை விசாரிக்க எனக்கு ஒரே ஒரு போன்தான் தேவைப்பட்டது."

"ஆரிட்ட?"

"என்ர மச்சான் பென்டில் ஹில்லில கடை வைச்சிருக்கிறான்."

"எந்தக் கடை?" வாயைவிட்டு வந்துவிட்டது.

"அரிசி விக்கிற கடை." ஜெயசிங்கம் முதன்முறையாகச் சிரித்தார். அது நல்ல சிரிப்பாக இல்லை. "அவன் என்ன சொன்னவன் தெரியுமோ? பெட்டை தங்கம், தகப்பன்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய ஆள் எண்டவன். எத்தினை கலியாணத்தை நிப்பாட்டினீங்கள் எண்டும் சொன்னவன். அப்பிடியிருந்தும் நான் ஓமெண்டுதான் சொன்னனான். உங்களைப் பாத்துச் சொல்லேல்ல. பிள்ளையைப் பாத்துச் சொன்னனான்."

இந்திரகுமாருக்கு முகம் எரிந்தது. தன்னை ஒருவர் உயர்த்திப் போட்டு அடியில் ரோச் அடிப்பார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. காருக்குள் ஏறியதும் அவர் சொன்னார்: "என்ர வாழ்க்கையில ஒருத்தருக்கும் நான் பொய் சொன்னதில்லை."

"பொய் சொன்னியள் எண்டு ஆர் சொன்னது?" என்று ஜெயசிங்கம் கியரை மாற்றினார்.

அடுத்த நாள் நகரத்துக்கு வடக்கே மிடில் கோவ் என்ற கல்லுக்கரைக்குக் கூட்டிப்போனார். போகும்போதே பின்சீற்றில் ஒரு கைவலையும் இரண்டு வாளிகளும் கிடப்பதை இந்திரகுமார் கண்டார். கரையில் அலை கறுப்பாக வந்து உடைந்தது. கிட்டப் போனபோதுதான் அது தண்ணீரின் நிறமில்லை, மீன் என்று தெரிந்தது. விரல் நீள மீன்கள், லட்சக்கணக்கில், முட்டையிடவென்று அலையோடு வந்து கூழாங்கல்லில் புரண்டு துடித்தன. கப்பெலின் என்றார் ஜெயசிங்கம். வருடத்தில் சில நாட்கள்தான் இப்படி வரும். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அலை பின்வாங்கும் கணத்தைப் பார்த்து இறங்கி, ஒரே வீச்சில் அரை வாளி அள்ளினார். கரையில் குந்தியிருந்து, நல்லதை ஒரு பக்கமும் நசிந்ததை ஒரு பக்கமுமாக, பார்க்காமலே பிரித்தார்.

இந்திரகுமார் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீச்சு. அந்தப் பிரிப்பு. கரையில் பிறந்த கைக்குத்தான் அது வரும். அவருடைய நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று திருகாணி போல இறுகி இருந்தது, இப்போது கழன்றது. விலகிப் போய் மனைவிக்குப் போன் எடுத்தார்.

"எனக்கு விளங்கியிட்டுது."

மெல்பேணில் அப்போது நடுச்சாமம். மிருணாளினியின் குரல் கம்மியிருந்தது. "என்ன விளங்கினது?"

"ஆக்கள்."

"நான் உங்களிட்டக் கேட்டனானோ?" அவள் போனை வைத்துவிட்டாள்.

திரும்பியபோது ஜெயசிங்கம் வாளியோடு பின்னால் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"மிஸ்டர் இந்திரகுமார், இஞ்ச வாங்கோ. அந்த நீலச் சட்டை மனிசி தெரியுதோ? பல்லு டொக்டர். பக்கத்தில வாளியோட நிக்கிறவர் பாதிரியார். அங்கால பிள்ளையோட நிக்கிறது பாங்க் மனேஜர். ஊர் முழுக்கத் தண்ணிக்குள்ளதான் நிக்குது. எனக்கு இந்த வேலையைப் பழக்கினவள் ஆஸ்பத்திரிக் குசினியில என்னோட உருளைக்கிழங்கு சீவினவள். இப்ப சொல்லுங்கோ, இவையெல்லாம் எந்தப் பகுதி?"

கரை முழுக்க ஆட்கள். சிறுபிள்ளைகள் கையாலேயே அள்ளினார்கள். இந்திரகுமாருக்குக் கோபம் வந்தது, கண்டுபிடித்தது கையில் இருக்கும்போதே கரைந்து போனதில் வந்த கோபம். ஒருவேளை ஜெயசிங்கம் இங்கேதான் பழகியிருக்கலாம். ஒருவேளை பொய்யாகவும் இருக்கலாம். திருகாணி மறுபடி இறுகியது, முன்னையதைவிடக் கடுமையாக.

அன்றிரவு வினுஷா கேட்டாள்: "எப்பிடி அப்பா? அங்கிள் ஓகேயோ?"

"நல்லாக் கதைக்கிறார்."

"நீங்க?"

"நானும் நல்லாக் கதைக்கிறன்."

அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனாள். சிங்கில் நின்றபடியே, முதுகைக் காட்டிக்கொண்டு, "கலியாணத்தில என்னைக் கூட்டிக்கொண்டு போய் விடுறது நீங்கதான், தெரியும்தானே? சேர்ச்சில அப்பிடித்தான். கையைப் பிடிச்சுக்கொண்டு நடக்கோணும். ப்ராக்டிஸ் பண்ணுங்கோ," என்றாள். இந்திரகுமார் கதிரையிலிருந்து எழுந்து, கை கோர்ப்பது போல முழங்கையை மடக்கி, குசினியிலிருந்து கதவுவரை விறைப்பாக நடந்து காட்டினார். மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக எந்தக் கேள்வியையும் விழுங்கிவிடலாம் என்று அன்றிரவு அவருக்கு உண்மையாகவே பட்டது.

வியாழக்கிழமை கேப் ஸ்பியர். அந்தக் கண்டத்தின் கடைசிக் கிழக்கு முனை. வெள்ளை வெளிச்சவீடு ஒன்று, யுத்தகாலத்துப் பீரங்கிக் குழாய் இரண்டு கறள் பிடித்து, சீமெந்துச் சுரங்கங்கள், பிறகு பாறை, பிறகு ஒன்றுமில்லை. அப்பால் அயர்லாந்துதான் என்றார்கள். விளிம்புக்குப் போகாதே, அலை இழுத்துவிடும் என்று பலகை வைத்திருந்தார்கள். தூரத்தில் திமிங்கிலம் ஒன்று மூச்சு விட்டது. இந்திரகுமாருக்கு அது பெரிய காட்சியாகப் படவில்லை. அட்லாண்டிக் அவர் நினைத்ததைவிடச் சாம்பல் நிறமாக இருந்தது, நினைத்ததைவிடச் சத்தம் போட்டது.

ஜெயசிங்கம் பாறையில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தார். இம்முறை நீட்டவில்லை. தானே குடித்தார்.

"எப்ப வந்தனீங்கள் இந்த நாட்டுக்கு?" இந்தக் கேள்வி தடைப் பட்டியலில் இல்லை.

"எண்பத்தாறு. ஜேர்மனியிலயிருந்து கப்பலில ஏத்தினவன், கரைக்குக் கிட்டவும் வராமல் எங்களைச் சின்னப் படகுகளில இறக்கிப்போட்டுப் போயிட்டான். உங்கால தெற்குப் பக்கம்." கையைக் காட்டினார். "புகார். சாப்பாடும் இல்லை, தண்ணியும் கொஞ்சம். மீன்பிடிக்கப் போன வெள்ளைக்காரன் கண்டுதான் ஏத்தினவன். ஏத்தினவன் தன்ர சுவெற்றரைக் கழட்டித் தந்தவன். பேர்கூடக் கேட்கேல்ல. கரைக்கு வந்த பிறகுதான் கேட்கத் தொடங்கினவங்கள். எங்கயிருந்து வந்தாய், எங்கயிருந்து வந்தாய் எண்டு. பயத்தில நான் பொய் சொன்னனான். எல்லாருந்தான் சொன்னது."

இந்திரகுமார் அவுஸ்திரேலியாவுக்கு வந்தது விமானத்தில், விசாவோடு.

"ஒண்டு சொல்றன்," என்றார் ஜெயசிங்கம் கடலைப் பார்த்தபடி. "படகில தண்ணிக்கு ஒரேயொரு தகரப்பேணி. ஆளாள் கைமாத்திக் குடிக்கோணும். என்ர படகில ஒருத்தன் இருந்தான், பக்கத்தில இருக்கிறவன் ஆரெண்டு விசாரிச்சுப்போட்டு, அவன் வாய் வைச்ச பேணியில குடிக்கமாட்டன் எண்டிட்டான். சாகக் கிடக்கிறான், அப்பவும் மாட்டானாம். கடைசிநாள் வாங்கிக் குடிச்சவன். குடுத்தவன்ர கையைத் தொடாமல் வாங்கினவன்."

அலை உடைந்து நுரை பாறைவரை வந்தது.

"அந்த ரெண்டு பேரில நான் ஒருத்தன். மற்றவன் இப்ப மொன்றியலில. மூண்டு நாளா என்ர தேத்தண்ணியைத் திருப்பிற ஆளுக்கு ஒரு கதை சொல்லோணும் போல இருந்தது. அவ்வளவுதான்."

அவர் ஃபிளாஸ்க்கை மூடினார். எழும்பப் பார்த்தார்.

ரோவில் முழுக்க இந்திரகுமாரின் கண்முன் வரிசையாக வந்து நின்றது: கோயில் வாசலில் சிரிப்பவர்கள், கராச்சில் சாவியை நீட்டியவர், டில்ஷாவின் தகப்பன். எல்லாரும் ஒரே முகத்தோடு, ஆக்கள் எப்பிடி, ஆக்கள் எப்பிடி. பதில் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டில் ஒன்று. இனிக் கேட்டுத் திரியவும் தேவையில்லை, ஒரே சொல்.

"நீங்கள் ஆர்?" என்றார். "குடுத்த ஆளோ, மாட்டன் எண்ட ஆளோ?"

ஜெயசிங்கம் மெதுவாகத் திரும்பினார். அவருடைய முகத்தில் கோபம் இருக்கவில்லை. காத்திருந்தது கிடைத்த மாதிரி ஒரு சலிப்பு.

"கேட்டிட்டீங்கள்."

"நான் ஊர் கேட்கேல்ல. பேணியைப் பற்றித்தான்..."

"சொல்றன். ஆனா உங்கட மகளும் கேட்கட்டும்." போனை எடுத்து அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, பாறையில் இருவருக்கும் நடுவில் வைத்தார். இந்திரகுமார் கையை நீட்டினார், பறிப்பது போல. பிறகு இழுத்துக்கொண்டார்.

"அங்கிள்?" வினுஷாவின் குரல். "என்ன, எல்லாம் ஓகேயோ?"

"பிள்ளை, கேப் ஸ்பியரில நிக்கிறம். அப்பா உனக்கு ஒண்டு சொல்லோணுமாம்."

காற்று போனுக்குள் போய் இரைந்தது. இந்திரகுமார் ஜெயசிங்கத்தைப் பார்த்தார். திமிங்கிலத்தைக் கண்டோம் என்று சொல்லலாம். குளிருது, வந்துவிடுகிறேன் என்று சொல்லலாம். அந்த மனிதர் காட்டிக்கொடுக்கவும் மாட்டார், காப்பாற்றவும் மாட்டார் என்று தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். ஆனால் விசாரித்தால் எதுவும் ஒருநாள் வெளியில் வரும் என்பதை இந்திரகுமாரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

"கேட்டிட்டன்," என்றார்.

"என்ன கேட்டனீங்கள்?"

"ஆரெண்டு."

"அங்கிள் சொன்னவரோ?"

"இல்லை."

"எனக்கும் தெரியாது அப்பா. நான் கேட்டதே இல்லை." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். "ரிக்கற்றை மாத்திவிடுறன். சற்றர்டே பிளைற் இருக்கும்."

"பிள்ளை, நான் கலியாணத்துக்கு..."

"நான் சொன்னனான்தானே?" போன் நின்றது.

திரும்பும் வழியில் புகார் மறுபடி வீதிக்கு இறங்கியிருந்தது. ஜெயசிங்கம் மெல்ல ஓட்டினார். நகரத்தின் முதல் வீடுகள் தெரிந்தபோது இந்திரகுமார் கேட்டார்: "அவளுக்குப் போன் எடுக்காமல் விட்டிருக்கலாம் நீங்கள்."

"விட்டிருக்கலாம்."

"ஏன் விடேல்ல?"

"மனம் வரேல்ல," என்றார் ஜெயசிங்கம். "நான் அவ்வளவு நல்ல ஆள் இல்லை."

வெள்ளிக்கிழமை றெக்சனின் கப்பல் வந்தது. வினுஷா துறைமுகத்துக்குப் போனாள். இந்திரகுமார் ஃபிளாற்றில் பெட்டியை அடுக்கினார். மாலையில் பெடியன் வந்து கதவில் நின்றான். உயரமானவன், உப்பில் வெடித்த உதடு. "ஹலோ, அங்கிள்," என்று கையை நீட்டினான். இந்திரகுமார் கையைப் பிடித்தார். அந்த முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று அவருடைய கண் தன்பாட்டில் தேடியது. பெடியன் அதைக் கண்டுகொண்டான். கையை எடுத்துவிட்டான்.

ரோவிலில் செய்தி அவருக்கு முன்னரே வந்திருந்தது. கோயிலில் ஒருவர் கிட்ட வந்து, குரலைத் தணித்து, "மருமகன் பகுதி எப்பிடி அண்ணை?" என்றார். "தெரியாது," என்றார் இந்திரகுமார். அது உண்மை. கேட்டவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு விலகிப் போனார். தெரியாது என்றால் என்ன அர்த்தம் என்று மெல்பேண் ஆட்கள் அவரிடம்தான் படித்திருந்தார்கள். அடுத்த மாதத்துக்குள் அவருக்குப் பெயர் கொண்டுவருபவர்கள் நின்றுபோனார்கள். யாரோ ஒரு இளம் பெடியன், கணக்காளனாம், இப்போது அந்த வேலையைப் பார்க்கிறான் என்று கேள்வி.

கலியாணம் புரட்டாதியில் வைத்தார்கள். மிருணாளினி ஒருநாளும் அவரோடு அதைப் பற்றிச் சண்டை பிடிக்கவில்லை. தனக்கு மட்டும் ரிக்கற் போட்டாள். கூறைச்சேலையையும் நகையையும் பலகாரத்தையும் மேசையில் பரப்பிவிட்டு, "நீங்கள்தானே சாமான் அடுக்கிறதில கெட்டிக்காரர்," என்றாள். அவர் அடுக்கினார். பலகாரம் உடையாமல், சேலை மடிப்புக் கலையாமல், இடைவெளியே இல்லாமல். அவ்வளவு ஒழுங்காக அந்த வீட்டில் ஒரு பெட்டியும் அடுக்கப்பட்டதில்லை.

ருல்லமரீன் விமான நிலையத்தில் அவர்தான் பெட்டியைத் தூக்கி ஓடுபட்டியில் வைத்தார். கவுண்டரில் இருந்த பெட்டை சிரித்த முகத்தோடு கடவுச்சீட்டைப் புரட்டினாள். மகளின் கலியாணம் என்று மிருணாளினி சொன்னதும், வாழ்த்துச் சொல்லி, இந்திரகுமாரைப் பார்த்து, நீங்களும் பயணமா, உங்கள் கடவுச்சீட்டு எங்கே என்று கேட்டாள்.

இந்திரகுமார் வாயைத் திறந்தார்.

"நோ," என்றாள் மிருணாளினி அவரை முந்திக்கொண்டு. "ஹீ ஆஸ்க்ட் எ குவெஸ்சன்."

கவுண்டர்ப் பெட்டைக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரிப்பு மாறாமலே போர்டிங் காட்டை மிருணாளினியின் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.